வெறும் தயிர் ஏன் சலிக்கிறது?

உணவியல் ஆலோசகராக நான் எழுதித் தரும் பட்டியலில் "சர்க்கரை சேர்க்காத தயிர், ஒரு கிண்ணம்" என்ற வரியைத்தான் எல்லோரும் எளிதாகக் கடைப்பிடிப்பார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். மறு ஆலோசனைக்கு வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் முதலில் கைவிடப்பட்டது அந்த வரியாகவே இருக்கிறது. ஒரு பெண்மணி, "வெறும் தயிர் தொண்டையில் இறங்கவில்லை, பழச்சுவைத் தயிருக்கு மாறிவிட்டேன், அதுவும் தயிர்தானே?" என்று கேட்டு, கைப்பையிலிருந்து காலிக் கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை இருவரும் சேர்ந்து படித்தோம். 100 கிராமுக்குச் சர்க்கரை 12 கிராம். கிண்ணத்தின் எடை 150 கிராம். ஆக மொத்தம் 18 கிராம். பாலில் இயல்பாகவே உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரைக்காக ஏழு கிராமைக் கழித்தாலும் மீதி 11 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் புறமாகச் சேரும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 5 விழுக்காட்டுக்குள், சராசரியாக 25 கிராம் அளவில், நின்றால் கூடுதல் நன்மை. நாளுக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்ட அவர், அந்த 25 கிராமில் பெரும்பகுதியைத் தயிரிலேயே செலவழித்திருந்தார்.

தயிரின் புளிப்பை எதிரியாக நினைப்பதால்தான் கை சர்க்கரைக்குப் போகிறது. பாலில் உள்ள லாக்டோஸை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் புளிப்பு உண்டாகிறது. அந்த அமிலமே பால்புரதத்தை உறையவும் வைக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் இந்த வேலை மெதுவாக நடந்துகொண்டே இருப்பதால், நான்கு நாள் பழையதைச் சாப்பிட்டுவிட்டுத் தயிரே பிடிக்காது என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உண்பதும் ஒரு தவறு. கடும் குளிர்ச்சியில் மணம் எழும்பாமல் புளிப்பு மட்டுமே நாக்கில் தெரியும். உண்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் அதே தயிர் வேறுவிதமாக இருக்கும்.

மெல்லிய துணியில் கட்டி, குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே இரண்டு மூன்று மணி நேரம் வடியவிட்டால் தயிர் வெண்ணெய்போல் திரண்டு, புளிப்பும் ஓரளவு அடங்கிவிடும். வடிந்த தெளிநீரோடு சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதியும் போய்விடும் என்பதால், அதைக் கொட்டாமல் மாவு பிசையப் பயன்படுத்தலாம்.

நான் அதிகம் பரிந்துரைப்பது உப்பும் மணமும் சார்ந்த வழியைத்தான். வெறும் வாணலியில் சீரகத்தை இட்டு, நிறம் ஒரு படி கூடி மணம் எழும்பியதும் அடுப்பிலிருந்து இறக்கி, ஆறியபின் ஒன்றிரண்டாக இடித்து, ஒரு சிட்டிகை உப்போடு தயிரில் தூவிப் பாருங்கள். பச்சையாகத் தூவிய பொடி, அதுவும் கொழுப்பு நீக்கிய தயிரில், தூசிபோல் நாக்கில் ஒட்டுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். நறுமணப் பொருள்களின் மணத்தில் பெரும்பகுதி நீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆகவே ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி அதில் அவற்றைப் பொரியவிட்டு, சூடு தணிந்தபின் தயிரின்மேல் ஊற்றினால் ஒவ்வொரு வாய்க்கும் மணம் வந்து சேரும். வெள்ளரிக்காயைச் சேர்ப்பதானால், துருவி உப்பிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட வேண்டும், இல்லையென்றால் தயிர் நீர்த்துப்போகும். பச்சைப் பூண்டு கால் பல் போதும், முழுப் பல்லைப் போட்டவர்கள் மறுநாள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அதை விட்டுவிட்டு, மிளகையும் எலுமிச்சைத் தோல் துருவலையும் கொண்டு சமாளிக்கலாம்.

இனிப்புதான் வேண்டும் என்பவர்கள் நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். பட்டைத்தூள், ஏலக்காய், வெனிலா ஆகியவற்றில் சர்க்கரை இல்லையென்றாலும், இனிப்புப் பண்டங்களோடு அவற்றை உண்டு பழகிய நாக்கு அந்த மணத்திலேயே இனிப்பை உணர்கிறது. தேன் இயற்கையானது என்பதால் கணக்கில் வராது என்று நினைக்க வேண்டாம்; அதுவும் மேற்சொன்ன 25 கிராமுக்குள்தான் வரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த தயிரைக் கொடுக்கவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சுநோய்க்கு இடமுண்டு.

பழங்களில் மூன்றிடம் எச்சரிக்கை தேவை. ஒரு செயல்முறை வகுப்புக்காக முதல்நாள் இரவே அன்னாசித் துண்டுகளைத் தயிரில் கலந்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால், நீர்த்துப்போய்க் கிடந்த அந்தத் தயிர் வாயில் வைக்க முடியாதபடி கசந்தது. அன்னாசியிலுள்ள புரோமலைன் என்னும் நொதி பால்புரதத்தைச் சிதைக்கும்போது கசப்பான துணுக்குகள் உருவாகின்றன. பப்பாளியிலும் கிவியிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. இவற்றை உண்ணும் நேரத்தில் மட்டும் கலக்க வேண்டும், அல்லது சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்க வேண்டும், ஏனெனில் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். வறுத்த பருப்புகளையும் விதைகளையும் கடைசியில் தூவினால்தான் மொறுமொறுப்பு நிற்கும்.

காலிக் கிண்ணத்தோடு வந்த பெண்மணி அடுத்த முறை வந்தபோது, மதியம் சீரகமும் வெள்ளரிக்காயும், மாலையில் வாழைப்பழமும் பட்டையும் என்று பிரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். மகனுக்காகப் பழச்சுவைத் தயிரை இன்னும் வாங்குகிறாராம். கடையிலேயே நின்று அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான்.