கிட்னி வருத்தம் எலும்புக்குள் போகும் வழி

நெடுங்கேணியில் எங்கள் மாமா கிணற்றுக்கட்டில் சறுக்கிக் கையை ஊன்றினார், அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த விழுகைக்கு முறிகிற கையே இல்லை அது, மண்வெட்டி பிடித்த கை. ஆனால் ஆளுக்கு 7 வருடமாகக் கிட்னி வருத்தம். கல்சியம் குறைந்திருக்கும் என்று ஒரு போத்தல் குளிசை வாங்கி வைத்தோம்.

விஷயம் அதைவிடச் சிக்கலானது. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு தேங்கும். அதை இறக்க எலும்பே ஒரு ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும், அந்த ஓமோனோ சிறுநீரகத்தில் விற்றமின் டி செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கும், அது இல்லாமல் குடல் கல்சியத்தைச் சரியாக உறிஞ்சாது, கடைசியில் கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் எலும்பை அரித்துக் கல்சியம் எடுக்கத் தொடங்கும்.

இது பாதிக் கதை. மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. குடல் பற்றீரியா அதை இந்தோல் ஆக்க, ஈரல் அதை இந்தொக்சில் சல்பேற்றாக மாற்றும். நல்ல கிட்னி அதைச் சிறுநீரில் கழித்துவிடும். கழிக்காவிட்டால் அந்த நஞ்சு எலும்பு கட்டும் கலங்களுக்குள் புகுந்து அவற்றைச் சாகடிக்கும். மிஞ்சும் கலங்களுக்கும் பராதைரொயிட் ஓமோன் சொல்வது சரியாகக் கேட்காது, ஏனென்றால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்துவிடும். அதனால் ஒருவருக்கு எலும்பு அரிபடும், இன்னொருவருக்குப் புதுப்பிக்கும் வேலையே நின்றுபோய்க் கிடக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கொலாஜன், எலும்பைப் பிணைத்து வைத்திருக்கும் புரத நார். கிட்னி வருத்தத்தில் அதுவும் பழுதாகலாம். மண்ணோடு வைக்கோல் குழைத்து வைத்த சுவரை நினைத்துப் பாருங்கள். எலும்பில் கல்சியம் மண், கொலாஜன் வைக்கோல். வைக்கோல் உக்கிப்போனாலும் சுவரின் தடிப்பு குறையாது, ஆனால் மாடு வந்து உரசினாலே இடிந்துவிடும். எலும்பின் அடர்த்தியை மட்டும் அளக்கும் ஸ்கானுக்கு இந்த உக்கல் தெரியாது.

டயாலிசிஸ் செய்தாலும் இந்தொக்சில் சல்பேற்று முழுதாகப் போகாது. அதில் 90 வீதத்துக்கு மேல் அல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தப் புரதம் வடியில் நுழையாத அளவுக்குப் பெரியது.

எங்கள் வன்னிக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டும் அதிகம். அதை வெளியேற்றுவதும் சிறுநீரகம்தான், அது முடியாதபோது எலும்பிலேயே சேரும்.

அப்புறம் அந்தக் கல்சியம் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். பொஸ்பேற்று கூடிக் கிடக்கும்போது இதை விழுங்கினால் கல்சியம் இரத்தக்குழாய்ச் சுவரில் படியலாம் என்று டொக்டர் போத்தலை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் இரத்தம் எடுக்கச் சொன்னார்.