சராசரியை விடுங்கள், பந்து எத்தனை தடவை கைக்கு வரும்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அலுவலக ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்கில் (நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களைப் பொறுக்கி எடுத்து, ஆட்டத்தில் அவர்கள் செய்வதைப் பாயிண்ட்டாக எண்ணும் போட்டி) அவருடைய முதல் ரன்னிங் பேக்குக்கு, அதாவது பந்தைக் கையில் வாங்கி ஓடுபவருக்கு, கணுக்காலில் அடி. அதே அணியின் பேக்கப் ஆளை எடுத்து வைத்திருக்கிறார். அந்த ஆள் இதுவரை 12 தடவை பந்தோடு ஓடி, சராசரி 6.5 யார்டு. ஞாயிற்றுக்கிழமை அவரை இறக்கலாமா, இல்லை 4 யார்டு சராசரியில் உருட்டிக்கொண்டிருக்கும் இன்னொருவரையே நம்பலாமா?

பாயிண்ட் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: 10 யார்டுக்கு 1, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது) 6, பிபிஆர் லீக் என்றால் பிடிக்கும் பாஸுக்குத் தலா 1.

எனக்கு ருசியாகப்படுவது அந்த 6.5. அதைப் பிரித்துப் பாருங்கள். 11 ஓட்டங்களில் தலா 3 யார்டு, பன்னிரண்டாவதில் எதிரணி ஆள் ஒருவர் வழுக்கி விழ 45 யார்டு என்றாலும் மொத்தம் 78, சராசரி அதே 6.5தான், ஆனால் அந்த ஒரு வழுக்கலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் 3. ரன்னிங் பேக்கின் ஓட்டங்கள் இப்படித்தான்: பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு யார்டு, சில பின்னோக்கி, எப்போதாவது ஒரு நெடும் ஓட்டம். திட்ட விலக்கம், அதாவது ஓட்டங்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு, சுமார் 6 யார்டு என்று வைத்துக்கொண்டால், 12 ஓட்டங்களின் சராசரியில் வரும் பிழை 6 வகுத்தல் √12, அதாவது 1.7. நிஜத்தில் 4 யார்டுக்காரர் வெறும் அதிர்ஷ்டத்தால் 2.3 என்றும் தெரியலாம், 5.7 என்றும் தெரியலாம். இதில் வர்க்கமூலம் செய்யும் குறும்பு என்னவென்றால், பிழையைப் பாதியாக்க ஓட்டங்கள் நான்கு மடங்காக வேண்டும். அரை யார்டுக்குக் குறைக்க 144 ஓட்டங்கள். பேக்கப் ஆளுக்கு ஒரு சீசன் முழுக்கக்கூட அவ்வளவு கிடைப்பது அரிது!

ஓட்டங்களின் எண்ணிக்கை அப்படியல்ல. அதைக் கோச் முடிவு செய்கிறார், அதனால் ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். 2018இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் லெவியான் பெல் ஒப்பந்தத் தகராறில் வராமலே இருந்துவிட, ஜேம்ஸ் கானர் இறங்கினார். முந்தைய சீசன் முழுவதும் அவர் ஓடியது 32 தடவை. கிளீவ்லேண்டுக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்தில் மட்டும் 31, அதில் 135 யார்டு, 2 டச்டவுன். ஓட்டத்துக்குச் சராசரி இரண்டு இடத்திலும் 4.5க்குப் பக்கத்தில்தான். ஆள் மாறவில்லை, கைக்கு வந்த பந்துதான் மாறியது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. 2023இல் மினசோட்டா வைக்கிங்ஸில் டால்வின் குக் போனபின் அலெக்சாண்டர் மேட்டிசன் 180 தடவை ஓடி 700 யார்டு எடுத்தார், ஓடி எடுத்த டச்டவுன் பூஜ்யம். அதனால் கோல் கோட்டுப் பக்கத்தில் யாருக்குப் பந்து, மூன்றாவது ஆள் யாராவது பங்கு கேட்கிறாரா என்பதையும் பாருங்கள். உங்கள் பேக்கப் ஆளுக்கு 15 ஓட்டங்களுக்கு மேல் வரும்போலத் தோன்றினால் தயங்காமல் இறக்குங்கள், ஏழெட்டுதான் என்றால் அந்த 4 யார்டுக்காரரே மேல்.

ஜெயித்த வாரத்து ஜெர்சியைத் துவைக்காமல் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து துவைத்துவிடுங்கள், கோச்சுக்கு அது தெரியப்போவதில்லை. ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு யார் இறங்கவில்லை என்ற பட்டியல் வரும். 1 மணி ஆட்டமென்றால் 11.30க்கு. கணுக்கால்காரர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.