போரைப் பற்றிக் கேட்காதீர்கள், தேனீயைப் பற்றிக் கேளுங்கள்

இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (பழகிய அன்றாடச் செயல்கள் வழியே சிகிச்சை தருபவராக) வேலை செய்கிறேன். போலந்திலிருந்து வந்த குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: "சைபீரியாவைப் பற்றி அப்பா வாயே திறக்க மாட்டார்." டிமென்ஷியா என்னும் மறதிநோய் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகளுக்கு அவசரம் வருகிறது. நேராகப் போய், "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். பெரியவர் இன்னும் இறுகிப் போகிறார்.

அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது. 1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்குப் போலந்துக்குள் நுழைந்தது. 1940 பிப்ரவரி 10 அன்று முதல் பெரிய நாடுகடத்தல் நடந்தது. சோவியத் ஆவணங்களின்படியே சுமார் 1,40,000 பேர். அங்கே நிலம் பெற்றுக் குடியேறியிருந்த முன்னாள் படைவீரர்களும் வனக்காவலர்களும்தான் முதல் குறி. குடும்பத்தோடு சரக்கு ரயிலில் ஏற்றி, சோவியத்தின் வடக்கிலும் சைபீரியாவிலும் இருந்த மரம் வெட்டும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தபோது அவர்களுடைய ஊர்கள் சோவியத் எல்லைக்குள் போய்விட்டன. திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள் எதைப் பேசுவார்கள்?

போலந்துக் கிராமத்தில் தேனீ வளர்ப்பு வேரோடிய தொழில். உயிருள்ள மரத்தைக் குடைந்து அதில் தேனீ வளர்க்கும் காட்டுப் பழக்கம் 2020ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதனால் வனக்காவலர் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்தால் நான் போரைத் தொடுவதே இல்லை. தேனீ இல்லாத ஒரு காலிப் பெட்டி, தேனீக்கள் அடை கட்டும், மெழுகு ஒட்டிய பழைய மரச்சட்டம், தேனீக்களை அமைதிப்படுத்தப் புகை விடும் புகையூதி (பற்றவைக்காதது), இவற்றை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். டிமென்ஷியாவில் தேதியும் பெயரும் நழுவும். கை பழகிய வேலை பல நேரம் அவற்றைவிட நீண்ட காலம் தங்கும்.

ஒரு பெரியவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) சட்டத்தை எடுத்து முகர்ந்தார். அப்புறம் பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதை ஒட்டி வைத்தார். குளிர்காலத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது. தேனீக்கள் ராணியை நடுவில் வைத்துத் திரளாக ஒட்டிக்கொண்டு, சிறகுத் தசையை அதிரவைத்துச் சூடு உண்டாக்கும். தட்டினால் ஒரு இரைச்சல் எழுந்து உடனே அடங்கினால் கூட்டம் நலம். அவருடைய அப்பா காலையில் அப்படித்தான் கேட்பாராம். "அன்றைக்குத் தட்டிப் பார்க்க அவரை விடவில்லை" என்றார், போலிஷ் மொழியில். அருகில் இருந்த மகளுக்குத்தான் முதலில் புரிந்தது, அது எந்த நாள் என்று. பிப்ரவரி. பெட்டிக்குள் தேனீக்கள் திரண்டு உயிரோடு இருந்திருக்கும். வசந்தம் வரை தாங்கட்டும் என்று அவற்றுக்காக விட்டுவைத்த தேனும் உள்ளேயே இருந்திருக்கும்.

அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை, மகளையும் கேட்க விடவில்லை. கதையை இழுத்து முடிக்கும் ஆசை நம்முடையது. கை இறுகினாலோ, "வீட்டுக்குப் போகணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். விட்ட இடத்தை நாமாக ஊகித்து எடுத்துக் கொடுக்கவும் கூடாது. நாம் சொன்னதையே அவர் தன் நினைவாக ஏற்றுக்கொண்டுவிடலாம். இந்த நோயில் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் மங்கித் தாய்மொழி மிஞ்சுவதைப் பலரிடம் பார்க்கிறேன். போலிஷ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். குறுக்கே மொழிபெயர்க்காமல் பதிவு மட்டும் செய்யுங்கள்.

ஆசையில் உண்மையான தேனீக் கூட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். இதய நோய்க்காகப் பீட்டா பிளாக்கர் என்ற வகை மாத்திரை சாப்பிடும் முதியவருக்குக் கடுமையான கொட்டு ஒவ்வாமை வந்தால், அட்ரினலின் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். மெழுகின் வாசனையும் ஒரு கரண்டி லிண்டன் பூத்தேனும் போதும். சர்க்கரை நோய் இருந்தால், விழுங்கச் சிரமம் இருந்தால், அந்தத் தேனுக்கும் முதலில் செவிலியரைக் கேளுங்கள்.

பேச்சில் ஒரு துப்புக் கிடைத்தால் குடும்பம் வந்த பாதையை ஆவணங்களில் தேடலாம். 1941 ஜூலையில் நாடுகடந்த போலந்து அரசுக்கும் சோவியத்துக்கும் இடையே சிகோர்ஸ்கி–மைஸ்கி ஒப்பந்தம், அதன்பின் விடுதலை. 1942ல், சோவியத் மண்ணில் திரட்டப்பட்ட போலந்துப் படையான ஆண்டர்ஸ் படையோடு காஸ்பியன் கடலைக் கடந்து ஈரானின் பஹ்லவித் துறைமுகம். அங்கிருந்து சிலர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு, சிலர் நியூசிலாந்துக்கு, சுமார் 5,000 பேர் கோலாப்பூர் அருகே வளிவடே முகாமுக்கு. அதனால் பெரியவர் மாமரத்தையும் மழைக்காலத்தையும் பற்றிப் பேசினால் உளறல் என்று ஒதுக்காதீர்கள். இந்தியாவில் வளர்ந்தவராக இருக்கலாம். லண்டனில் உள்ள சிகோர்ஸ்கி நிறுவனத்திலும் வார்சாவின் கார்தா மையத்திலும் இக்காலத்து ஆவணங்கள் உள்ளன. தேடப் போகும் முன் பிறந்த ஊரின் போருக்கு முந்தைய பெயரையும் தகப்பனார் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.