செல் சவ்வு: எந்தப் பாகம் பழுதானால் எந்த நோய்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பொட்டாசியம் லிட்டருக்கு 6.8 மில்லிமோல் என்று வருகிறது. ஆள் தெம்பாக உட்கார்ந்திருக்கிறார், சிறுநீரகக் கோளாறும் இல்லை. இந்த இடத்தில் ரத்தம் எடுத்த விதத்தையும் சந்தேகிக்க வேண்டும். செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வெளியே பிளாஸ்மாவில் 3.5 முதல் 5 வரைதான். சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, ஊசி வழியாகவே ரத்தத்தை டியூபுக்குள் அழுத்திப் பீய்ச்சினாலோ, டியூபைக் குலுக்கினாலோ சிவப்பணுக்களின் சவ்வு கிழிந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டிவிடும். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சிவந்திருப்பதைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம். சீரத்தைப் பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைப்பதுதான் இன்னும் மோசம். குளிரில் சவ்விலுள்ள பம்ப் மந்தமாகி, செல் உடையாமலேயே பொட்டாசியம் கசிகிறது. சீரமோ தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனாலும் ரிப்போர்ட் பொய்யாக இருக்கலாம், இ.சி.ஜி.யும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. உடனே புது மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த பம்ப், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அது பதிந்திருக்கும் சவ்வின் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர்தான். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, தண்ணீரை நாடும் தலை வெளிப்பக்கமும் கொழுப்பு வால் உள்பக்கமுமாக நிற்கின்றன. ஆக்சிஜன் இதைத் தாராளமாகக் கடக்கும். உப்பு அயனிகளும் குளுக்கோஸும் புரத வாசல் இல்லாமல் கடக்க முடியாது. அதனால்தான் சவ்வு நோய்களில் பெரும்பாலானவை உண்மையில் புரத நோய்கள்.

சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு வாசலைப் பாருங்கள். 1480 அமினோ அமிலங்களில் 508-ஆவது இடத்திலுள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் ஒன்று விடுபட்டால் போதும், புரதம் சரியாக மடியாது. செல்லே அதைக் கழிவென்று அழித்துவிடுவதால் பெரும்பகுதி சவ்வுக்கு வந்தே சேராது. இதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு மிகப் பரவலான காரணம். நுரையீரலில் சளி கெட்டியாகும், கணைய நொதிகள் குடலை எட்டாமல் மலம் எண்ணெய்ப் பசையோடு போகும், வியர்வை உப்புக் கரிக்கும். வியர்வைக் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய்க்கு வலுவான சான்று. 30 முதல் 59 வரை என்றால் மரபணுச் சோதனையும் தேவை. இப்போதைய மருந்துகளில் சில புரதத்தைச் சவ்வுக்குக் கொண்டுசேர்ப்பவை, சில வந்த வாசலைத் திறப்பவை. ஆகவே எந்த மரபணு மாற்றம் என்று தெரியாமல் மருந்தைத் தேர்வு செய்ய முடியாது.

காலராவில் இதே வாசல் மூடாமல் திறந்தே கிடக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளிழுக்கும் இன்னொரு புரதம் மட்டும் பழுதாகாமல் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது அதை நம்பித்தான். லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்தாலோ கூடுதலாகச் சர்க்கரை போட்டாலோ குடலுக்குள் அடர்த்தி ஏறி, பேதி இன்னும் அதிகமாகும்.

அதிகம் தவறவிடப்படுவது ஹெரிடிட்டரி ஸ்பெரோசைட்டோசிஸ், அதாவது சிவப்பணு உருண்டையாகிவிடும் பரம்பரை நோய். 7 முதல் 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு, மண்ணீரலில் தன்னைவிடக் குறுகிய இடுக்குகளில் வளைந்து நுழைந்து வெளியேற வேண்டும். சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தாலான வலை இருக்கிறது. ஆங்கிரின், பேண்ட் 3 ஆகிய புரதங்கள் அதைச் சவ்வோடு பிணைக்கின்றன. இந்தப் பிணைப்பு தளர்ந்தால் சவ்வு துணுக்குத் துணுக்காக உதிர்கிறது. மேற்பரப்பு குறையக் குறைய செல் உருண்டையாகி, வளைய முடியாமல் மண்ணீரலில் சிக்கி அழிகிறது.

விளைவு, அடிக்கடி தலைகாட்டும் மஞ்சள் காமாலை. கல்லீரலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே வருடங்கள் ஓடிவிடும். ஆனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருக்கும். ஏறியிருப்பது இன்டைரக்ட் பிலிருபின், அதாவது சிவப்பணு அழிவதால் வரும், கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத மஞ்சள் நிறமி. அது சிறுநீரில் வெளியேறாது. எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி) டெசிலிட்டருக்கு 36 கிராமைத் தாண்டி, ரெட்டிகுலோசைட்டும் (இளம் சிவப்பணு) கூடியிருந்தால் ஸ்மியர், அதாவது கண்ணாடியில் பூசிய ரத்தத்தை, மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும். உருண்டைச் செல்கள் தெரிந்து, டைரக்ட் கூம்ப்ஸ் (சிவப்பணுவில் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ் என்றால் அடுத்தது சவ்வுப் புரதக் குறையைக் காட்டும் இ.எம்.ஏ. சோதனை. பழைய ஆஸ்மாட்டிக் ஃப்ராஜிலிட்டி சோதனை (உப்பு குறைந்த நீரில் செல் எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்று பார்ப்பது) லேசான நோயைக் கோட்டைவிடக்கூடும். சின்ன வயதிலேயே பித்தப்பைக் கல் என்றாலும் இதை நினைக்க வேண்டும். பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்கும் இருக்கும் என்பதால் குடும்பத்தாரின் ரத்தத்தையும் பாருங்கள்.

இவர்களுக்குப் பார்வோவைரஸ் பி19 தொற்றினால் எலும்பு மஜ்ஜை சில நாட்கள் சிவப்பணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஹீமோகுளோபின் சடாரென்று சரியும். மண்ணீரலை எடுப்பது எல்லோருக்கும் தேவையில்லை. எடுப்பதானால் கூடியவரை 6 வயதுக்குப் பிறகு, நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் (Hib) ஆகிய பாக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகளை இரண்டு வாரமாவது முன்னதாகப் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். எடுத்த பின்னும் சவ்வின் குறை அப்படியேதான் இருக்கும். ரத்தசோகை மட்டும் குறையும். அதன்பிறகு காய்ச்சல் வந்தால், அது லேசாகத் தெரிந்தாலும், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.