பிடித்த நிறம் நீலம், முதல் நாயின் பெயர் மணி

வங்கியில் மோசடிப் புகார்களைக் கவனிக்கும் மேசையில் 9 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அவனுக்கு எப்படி சார் இதெல்லாம் தெரிஞ்சுது?" போன பணத்தைவிட இந்தக் கேள்விதான் அவர்களை அதிகம் அரிக்கும். வங்கி ஆள்தான் விவரத்தை விற்றுவிட்டான் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. எங்கள் ஆட்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் விசாரித்துக்கொண்டே போனால் பல சமயம் அந்த விவரங்களை, படத்தோடு, ஆசை ஆசையாக எழுதி வைத்தவர் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வயது முப்பத்தைந்துக்குப் பக்கம். ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவர். கல்யாண பிளவுஸ் என்றால் அவரிடம் 2 மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கூடவே இணையத்தில் எழுதுவார். கோலம், பழைய பட்டுப்புடவைக் கரையில் பை தைப்பது, மாமியார் கைப்பக்குவம் என்று எதையாவது வாரம் ஒன்று. வாசகர்கள் ஆயிரத்தைத் தாண்டிய சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'என்னைப் பற்றி 20 விஷயங்கள்' என்று பட்டியல் போட்டிருக்கிறார். பிடித்த நிறம் நீலம். கத்திரிக்காய் ஆகாது. அடுப்படியில் மட்டும் பாடுவேன். தேய்ந்துபோன பென்சில் துண்டுகளைத் தூக்கிப் போட மனம் வராது. கணவர் ஷார்ஜாவில், என்னைப் பாப்பு என்றுதான் கூப்பிடுவார். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் கல்யாண நாள்.

புதன்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. "அக்கா, நான் அண்ணன்கூட ரூம்ல இருக்கறவன். உங்களைப் பாப்புன்னுதானே சொல்லுவாரு? கல்யாண நாளைக்கு உங்களுக்குத் தெரியாம ஒரு செட்டு அனுப்பியிருக்காரு, நீலக்கல் வச்சது. சென்னை கஸ்டம்ஸ்ல நிக்குது. 18,500 கட்டுனா இன்னிக்கே விட்டுடுவாங்க. அண்ணன்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, சர்ப்ரைஸ் போயிடும்."

கட்டிவிட்டார். "நீலக்கல்லுன்னு சொன்னான் சார். அதுலதான் விழுந்துட்டேன்" என்றார் என்னிடம்.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள்: அண்ணனிடம் கேட்டுவிடாதீர்கள். 'இது பொய்' என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் வாயை அன்பின் பெயரால் அடைத்துவிட்டான். மறுநாள் 42,000 கேட்டபோதுதான் இவருக்கு வயிற்றைக் கலக்கி, ஷார்ஜாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அப்புறமும் உடனே வங்கிக்கு வரவில்லை. மாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார், ஊர் என்ன பேசும் என்று 3 நாள் வீட்டுக்குள்ளேயே மருகியிருக்கிறார்.

18,500 ரூபாயைத் தின்றது பாதி அவன் பேச்சு, பாதி இந்த மூன்று நாள். இப்படிப் போகும் பணம் ஓரிடத்தில் நிற்காது. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து வேறு ஊர் ஏடிஎம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறந்து, அங்கே மிச்சம் இருப்பதை முடக்கி வைக்க வழி உண்டு. இவர் விஷயத்தில் மிச்சம் இருந்தது 1,200 ரூபாய்.

"ரிசர்வ் வங்கி விதி இருக்காமே, மூணு நாளைக்குள்ள சொன்னா முழுப் பணமும் திரும்ப வருமாமே?" என்று கேட்டார். 2017 ஜூலையில் வந்த சுற்றறிக்கையைச் சொல்கிறார். அது வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்கானது. தவறு நம்மிடமும் வங்கியிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நம் தலையில் விழாது. இவரோ தன் கையாலேயே யுபிஐ பின் எண்ணை அழுத்தி அனுப்பியிருக்கிறார். அந்தப் பாதுகாப்பு இவருக்கு எட்டவில்லை. பணம் போகும் முன் திரையில் வந்த பெயர் ஏதோ ஒரு தனி ஆளின் பெயர். சுங்கத்துறை எதற்கு ஒரு தனி ஆளின் கணக்கில் வரி வாங்கப்போகிறது? இதை நான் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது படுகிறது.

புகார் வேலை முடிந்தபின் அந்த 20 வரியையும் தாளில் அச்செடுத்து, பென்சிலோடு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன் என்று நின்றார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கத்திரிக்காய் ஆகாது என்றால் எவன் என்ன செய்துவிட முடியும்? பென்சில் துண்டை வைத்துக் கடனா வாங்க முடியும்? அவருடைய எழுத்தின் ருசியே அந்த வரிகளில்தான் இருந்தது. நீலம்கூட இருக்கட்டும் என்றேன். நீலத்தைத் தூண்டிலாக்க உதவிய சங்கதிகள் வேறு: கணவர் ஊரில் இல்லை, வீட்டில் கூப்பிடும் பெயர் இது, கல்யாண நாள் இன்னும் 5 நாளில். மூன்றையும் அடித்தோம். 'வெள்ளிக்கிழமை 6 மணிக்கு அம்மன் கோயில் தவறாது' என்ற வரியில் மணியை மட்டும் எடுத்தோம். மகள் படிக்கும் பள்ளியின் பெயர் போனது. சீருடைப் படமும் போனது.

பிறந்த வருடத்தில்தான் சண்டை வந்தது. "வயசைச் சொல்றதுல எனக்கு வெட்கமில்ல சார்" என்றார். வெட்கத்துக்காக நான் சொல்லவில்லை. நாம் தரவிறக்கும் இ-ஆதார் கோப்புக்கு ஒரு பூட்டு உண்டு. அதன் சாவி என்ன தெரியுமா? பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடுத்து பிறந்த வருடம். அவ்வளவுதான். பல வங்கிகள் மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கு விவரத்தைத் திறப்பதும் இதே ரகச் சாவிதான்: பெயரில் 4 எழுத்து, பிறந்த தேதி, மாதம். வருமான வரித்துறை அனுப்பும் கோப்புகளில் பான் எண்ணும் பிறந்த தேதியும். நீங்கள் என்றைக்கோ ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அனுப்பிய இ-ஆதார் அவர் கணினியில் இன்னமும் கிடக்கலாம். பூட்டியிருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். சாவியை நம் பக்கத்தின் முகப்பிலேயே ஆணியடித்து மாட்டியிருப்போம். பிறந்த நாள் வாழ்த்து வேண்டுமென்றால் தேதியோடு நிறுத்திக்கொள்ளலாம், வருடம் வேண்டாம். ஏடிஎம் பின் எண்ணாகப் பிறந்த வருடத்தையே வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் நேராகப் போய் மாற்றிவிடுங்கள்.

பட்டியலில் 14-ஆவது வரி: 'என் முதல் செல்லப்பிராணி மணி, நாட்டு நாய், வாலில் மட்டும் வெள்ளை.' அதைப் படித்ததும் அவர் முகம் மாறியது. நெட்பேங்கிங் திறந்தபோது கேட்ட பாதுகாப்புக் கேள்விக்கு அவர் கொடுத்திருந்த பதிலும் மணிதானாம். நல்லவேளை, அந்த ஆள் அதுவரை போகவில்லை.

போனவர்கள் உண்டு. 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் 20 வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் புகுந்தான். கணினி வித்தை எதுவும் காட்டவில்லை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டது. எல்லாமே ஊரறிந்த சங்கதி. பள்ளிக்கூடத்தில் சந்தித்தார் என்பதுவரை இணையத்தில் தேடியே எடுத்துவிட்டான். அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது என்பது வேறு விஷயம். 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் இந்தக் கேள்விகளையே எடைபோட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் 'பிடித்த உணவு எது' என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஊகத்திலேயே சரியான பதிலைச் சொல்லிவிட 19.7 சதவீதம் வாய்ப்பு இருந்தது. பதில் பீட்சா. நம் ஊரில் வைத்துப் பார்த்தால் பிரியாணி அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பது என் சொந்தக் கணிப்பு.

இந்தக் கேள்விகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். தாயாரின் கன்னிப் பெயர் என்ன என்று கேட்கும் படிவத்தை எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்திருப்பேன்! நம் அம்மாக்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்பு கணவரின் இனிஷியல், பெயர் அதேதான். அந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், ரேஷன் கார்டில் இருக்கும், காதணி விழா பிளெக்ஸிலும் இருக்கும். எங்கோ எவரோ தங்கள் வழக்கத்துக்கு எழுதிய கேள்வியை அப்படியே கொண்டுவந்து நமக்கும் பூட்டாகப் போட்டுவிட்டார்கள். நாமோ சொந்த விவரத்தைச் சுவரில் ஒட்டிப் பழகியவர்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்கூட தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியும் போடுகிற ஊர் இது. அந்தத் தெருவைக் கடப்பவர்கள் தெரிந்தவர்கள் என்பதால் அங்கே அது செல்லுபடியானது. இணையத்தைக் கடப்பவர்கள் எல்லோரும் அப்படி இல்லை.

அதனால் நான் சொல்லும் வழி கொஞ்சம் கோணலானது. வாசகர்களிடம் உண்மை எழுதுங்கள். பாதுகாப்புக் கேள்வியிடம் பொய் சொல்லுங்கள். முதல் செல்லப்பிராணி என்று கேட்டால் பக்கத்துத் தெரு மளிகைக் கடைப் பலகையில் இருக்கும் சம்பந்தமில்லாத இரண்டு சொல்லைக் கொடுங்கள். அந்தக் கணினிக்கு நாயும் தெரியாது, மணியும் தெரியாது. நாம் முன்பு கொடுத்த எழுத்துகளே மறுபடி வருகின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். கொடுத்த பொய்யை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் வைத்துவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டு, நாம் யார் என்று வங்கி சரிபார்க்கும் கேஒய்சி படிவத்தில் பிறந்த தேதியை மாற்றி எழுதிவிடாதீர்கள். அங்கே உண்மைதான் எழுத வேண்டும். ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு பெரியவர் அப்படிச் செய்யட்டுமா என்று கேட்டே விட்டார்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கிறார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் 3-ஆவது பிரிவைப் பிரித்துப் பாருங்கள். தன் விவரத்தைத் தானே பொதுவெளியில் வைத்தவருக்கு, அந்த விவரத்தைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே கொடுத்திருக்கும் உதாரணமே ஒரு வலைப்பதிவர்தான்: தன் கருத்துகளை எழுதும்போது சொந்த விவரத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்ட ஒரு பெண். இதை அந்த ஆரிக்காரருக்குப் படித்துக் காட்டியபோது, "என்னைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கே" என்றார்.

கைவேலை விற்பவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். உங்கள் யுபிஐ முகவரி போன் எண்ணாகவே இருந்தால், செயலியில் வேறொரு முகவரி உருவாக்கி அதை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். கடைக்கென்று தனி எண் வைத்துக்கொண்டு, வங்கியோடு இணைந்த எண்ணை வெளியே விடாமல் இருப்பது இன்னும் நல்லது. பார்சல் படம் போடுகிற அவசரத்தில் வாங்கியவரின் முகவரிச் சீட்டும் சேர்ந்து போகும். அது உங்கள் விவரம்கூட இல்லை, அடுத்தவருடையது. வாசல் கோலத்தைப் படம் எடுத்தால் கதவெண்ணும் ஸ்கூட்டர் நம்பரும் படத்துக்குள் வருகின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள். ஊருக்குப் போன படத்தை, திரும்பி வந்து துணி துவைத்துப் போட்டபின் போடலாம். மின்னஞ்சலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு போட 5 நிமிடம் போதும்.

அடுத்த ஞாயிறு அவர் பட்டியலைத் திருத்திப் போட்டார். 20 இப்போது 16 ஆகியிருந்தது. போடுவதற்கு முந்தைய நாள் என்னைப் போனில் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "சார், மணியை எடுத்துடணுமா? செத்துப்போயி 20 வருஷம் ஆச்சு. அதுக்குன்னு ஊர்ல ஒரு வரி இருந்தா நல்லாருக்கும்னு..."

"மணி இருக்கட்டும்மா. வங்கியில பதிலை மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன் சார். என்னன்னு சொல்லட்டுமா?"

"என்கிட்டயும் வேண்டாம்" என்றேன்.