பணம் கூடினால் பர்ஸ் ஏன் திரும்பி வருகிறது?

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும் நாலு பேரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பர்ஸ்கள் தெருவில் கிடக்கின்றன. ஒன்றில் காசே இல்லை, இன்னொன்றில் நானூறு வெள்ளி (ரிங்கிட்). எது சொந்தக்காரரிடம் போய்ச் சேரும்? "காலி பர்ஸ்தான், இதில் என்ன சந்தேகம்!" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆய்வாளர்கள் கருத்துக் கேட்டபோது மற்ற ஊர்க்காரர்களும் அப்படித்தான் கணித்தார்கள். பொருளாதாரப் பேராசிரியர்களின் கணிப்பும் பலிக்கவில்லை.

2019ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு அது. மலேசியா உட்பட 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் அதிகமான பர்ஸ்கள். வங்கி, ஹோட்டல், தபால் நிலையம், காவல் நிலையம் போன்ற இடங்களில் ஓர் ஆள் நுழைவார். "வெளியே கிடந்தது, எனக்கு அவசரம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கவுன்டரில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருப்பது வெளியே தெரியும்படியான பர்ஸ். அதில் முகவரி அட்டை, கடைக்குப் போக எழுதிய சாமான் பட்டியல், ஒரு சாவி. சிலவற்றில் மட்டும் 13 அமெரிக்க டாலருக்குச் சமமான உள்நாட்டுப் பணம். பணமில்லாத பர்ஸைப் பெற்றவர்களில் 40 விழுக்காட்டினர் உரிமையாளருக்குத் தகவல் அனுப்பினார்கள். பணம் இருந்தபோது 51 விழுக்காடு. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றிலும் 94 டாலர் வைத்துப் பார்த்தார்கள்; அங்கே 72 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது!

சாவி எதற்கு? அது சொந்தக்காரருக்கு மட்டுமே உதவும், கையில் வைத்திருப்பவருக்குச் செல்லாக்காசு. சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது தகவல் அனுப்பியவர்கள் குறைந்தார்கள். அதாவது, முகம் தெரியாதவர் மீதும் கொஞ்சம் அக்கறை இருக்கிறது. ஆனால் பணம் கூடக்கூட நேர்மையும் கூடுவதை அக்கறை மட்டும் விளக்கிவிடாது. காலி பர்ஸை மேசை இழுப்பறையில் போட்டு மறந்தால் அது சோம்பல். நானூறு வெள்ளியோடு மறந்தால் திருட்டு. தொகை ஏறும்போது ஆசையும் ஏறுகிறது, 'நான் திருடன்' என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டிய சங்கடமும் ஏறுகிறது. பலருக்கு இரண்டாவதுதான் கனமாக இருக்கிறது.

இதை மூளைக்குள்ளும் தேடியிருக்கிறார்கள். 2014ல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், லேசான மின் அதிர்ச்சியைத் தாங்கினால் பணம் என்றார்கள். அதிர்ச்சி சில நேரம் தனக்கு, சில நேரம் பக்கத்து அறையில் இருக்கும் யாரோ ஒருவருக்கு. ஓர் அதிர்ச்சியைத் தவிர்க்க, தனக்காக விட்டுக்கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பணத்தை அந்நியருக்காக விட்டுக்கொடுத்தார்கள். 2017ல் அதே துறையில் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வு, லாபத்தை எடைபோடும் ஸ்ட்ரையாட்டம் என்ற உட்பகுதியைக் கவனித்தது. பிறரை வலிக்கவைத்து வரும் பணத்துக்கு அந்தப் பகுதி மந்தமாகவே பதில் கொடுத்தது. மனசாட்சி வெளியே நின்று பணத்தோடு மல்லுக்கட்டவில்லை. பணத்தின் மதிப்பையே உள்ளுக்குள் குறைத்துவிடுகிறது.

அப்படியானால் மனசாட்சிக்கே வெற்றியா? அவ்வளவு சீக்கிரம் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பாலில் தண்ணீர் கலந்த கதைகளும், ஒட்டுப்பாலுக்குள் (உறைந்த ரப்பர்) கல் வைத்த கதைகளும் நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாததா? பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க ஸ்டோரில் மெட்ரோலாக் மிதவை வைத்திருந்ததற்கு அந்தச் சந்தேகமும் ஒரு காரணம். "கம்பெனி எடுப்பதில் இது ஒரு சொட்டு" என்று சொல்லிக்கொண்டால் போதும், திருட்டு என்ற பெயரே அதற்கு வராது. பெயர் வராதபோது சங்கடமும் வராது.

பார்க்காமல் இருப்பது அதைவிடச் சுலபம். 2007ல் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய ஒரு விளையாட்டில், தனக்கு 6 டாலர், மற்றவருக்கு 1 டாலர் என்பதா, அல்லது ஆளுக்கு 5 டாலரா என்று கேட்டார்கள். நான்கில் மூன்று பேர் ஆளுக்கு 5 என்றார்கள். அப்புறம், மற்றவருக்குக் கிடைப்பதை மறைத்துவைத்து, வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தி இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பொத்தானைத் தொடவே இல்லை. செம்பனைக் குலை யார் தோட்டத்தில் வெட்டியது என்று கேட்காமல் எடை போடும் வியாபாரியும் இந்தப் பொத்தானைத்தான் தொடாமல் விடுகிறார்.

காசு சில நேரம் மனசாட்சிக்கு ஓய்வும் கொடுத்துவிடும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைப் பராமரிப்பு மையங்களைக் கவனித்தார்கள். ஆறில் மட்டும், தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் கூச்சம் திரும்பவில்லை. தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங்குக்கு வராதவர்களிடம் ஐந்து வெள்ளி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காசைப் போலவே புகழும் மனசாட்சியைச் சோதிக்கும். அதற்கு நேர்மையை ஆராயும் இந்தத் துறையே சாட்சி. உறுதிமொழியைப் படிவத்தின் தலைப்பிலேயே கையெழுத்திட வைத்தால் மக்கள் உண்மை எழுதுவார்கள் என்று 2012ல் வந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. அதே ஆய்வாளர்கள் பெரிய அளவில் திரும்பச் செய்துபார்த்தபோது பலன் தெரியவில்லை. 2020ல் அதை அவர்களே வெளியிட்டு, பழைய தரவுகளையும் பொதுவில் வைத்தார்கள். அப்படி வைத்ததால்தான் அதில் ஒரு பகுதி எண்கள் புனையப்பட்டவை என்பதை மற்றவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது. 2021ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.