வெயில் ஏறும்போது ஏன் துளிர்க்கிறது அரசு?

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். அருவி வெட்டு (நெல் அறுவடை) முடிந்து வயலெல்லாம் வெறும் தாள், குளத்துத் தண்ணீரும் இறங்கத் தொடங்கிவிட்டது. நாலு வயது மகளைச் சைக்கிளின் முன்னுக்கு இருத்திக்கொண்டு குளக்கட்டால் வந்தபோது, அங்கே நிற்கிற அரசமரத்தைக் காட்டி "அப்பா, இந்த இலையளுக்குக் காய்ச்சலே?" என்று கேட்டாள். முதல் கிழமை மொட்டையாக நின்ற மரம், இப்போது கொப்பெல்லாம் செம்பு நிறத்தில் குருத்திலை. இறக்கிவிட்டேன். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சுடவில்லையாம்.

காய்ச்சல் இல்லைத்தான். ஆனால் எனக்கு வேறொரு கேள்வி. குளிர் நாடுகளில் பனி விட்டுச் சூடு ஏறுவதால் மரம் துளிர்க்கிறது, சரி. வட இலங்கையின் எங்கள் வன்னியில் எப்போது குளிர்ந்தது, இப்போது சூடேற? மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தையோடு ஓய்ந்துவிடும். இனி நிலம் காயத்தான் போகிறது. தண்ணீர் குறைகிற நேரம் பார்த்துப் புது இலை போடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

விடை உதிர்ந்த இலையில் இருக்கிறது. மரத்தின் தண்ணீரில் பெரும்பகுதி இலைவாய்கள் (இலையிலுள்ள நுண்துளைகள்) வழியே ஆவியாகப் போகிறது. இளம் இலை வெயில் ஏறினால் அந்த வாய்களைக் கெட்டியாக மூடிக்கொள்ளும், கிழடான இலைக்கு அது அவ்வளவாக முடியாது, கசிந்துகொண்டே இருக்கும். அதனால் மரம் அதைக் கழற்றிவிடுகிறது. முதலில் இலையில் இருக்கிற நைதரசன் போன்ற சத்துகளில் எடுக்கக்கூடியதைத் தண்டுக்கு எடுத்துக்கொள்கிறது, அப்புறம் காம்பின் அடியில் எதிலீன் என்ற வாயு வேலை செய்ய (வாழைக்குலையைப் புகை போட்டுப் பழுக்கவைப்போமே, அந்தப் புகையில் இருக்கிற அதே எதிலீன்தான்) அங்குள்ள மெல்லிய உயிர்க்கல அடுக்கு ஒன்று இளகி, சின்னக் காற்றுக்கே இலை விழுகிறது.

விழுந்ததும் ஒழுக்கு நின்றுவிடுகிறது. வேரோ மாரி மழை ஊறின ஆழத்து ஈரத்தை இழுத்தபடியே இருக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் தண்டில் சேர்ந்து, சுருங்கியிருந்த மரம் நிமிர்கிறது, மொட்டுக்குள் அழுத்தம் ஏறித் துளிர் வெடிக்கிறது. மழை பெய்யாமலே மரம் தனக்குள் ஒரு மாரியை உண்டாக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். கொஸ்டாரிக்காவின் உலர்காடுகளில் இதைத் தண்டை அளந்து அளந்து காட்டியவர் ரொல்ஃப் போர்ச்செர்ட் என்ற தாவரவியலாளர்.

வீட்டில் நாங்களும் பார்த்தோம். மாமரத்தில் முற்றின இலைக் கொப்பு ஒன்றுக்கு ஒரு பொலித்தீன் பை, இலை கொட்டின வேப்பங்கொப்புக்கு இன்னொன்று. இரண்டு மணித்தியாலம் கழித்து மாமரத்துப் பையின் உள்பக்கமெல்லாம் துளி துளியாக நீர், வேம்பின் பையில் ஒன்றுமில்லை. மகளுக்கு அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டுமாம், விடவில்லை. (பையை அதிக நேரம் கட்டிவைக்காதீர்கள், இலை அவிந்துவிடும்.)

சரி, மாசி என்று மரத்துக்கு யார் சொன்னது? இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். மார்ச் மாதத்தில் பகல் நீளுவது நாளுக்கு அரை நிமிடம் அளவில். அந்த அரை நிமிடங்கள் சேர்வதை மரம் கவனிக்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், ஏனென்றால் மழை முந்தினாலும் பிந்தினாலும் உலர்காட்டில் பல மரங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே கிழமைகளில் துளிர்க்கின்றன. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மணியடித்தும் எனக்கு நேரம் பிடிபட்டதில்லை.

சிவப்புக்கு வருவோம். அது அந்தோசயனின் என்ற நிறப்பொருள். குருத்திலையில் ஒளித்தொகுப்புக்கான ஏற்பாடு பாதிதான் முடிந்திருக்கும், மாசி வெயில் முழுதாக விழுந்தால் கலங்கள் கெட்டுப்போகும். அந்தோசயனின் பச்சை, நீல ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சிக் குடை பிடிக்கிறது. பூச்சிகள் பலவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் அவற்றின் கண்ணுக்கு இது காய்ந்த இலை மாதிரி இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு, அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. குருத்து தொங்கிக்கொண்டு நிற்பதையும் பாருங்கள். இலையில் விறைப்பு ஏறவில்லை, தொங்குவதால் உச்சி வெயில் நேரே விழாமல் சரிந்துபோகிறது. கிழமைகள் போகப் பச்சையம் நிறைந்து, இலை தடித்து நிமிரும்.

வேம்பு துளிரோடு நிற்காது, பின்னாலேயே பூவும் வரும். அம்மா இப்போதே வடகத்துக்குப் பூப்பொறுக்கச் சீலை எடுத்துவைத்துவிட்டா, பேத்தி அதன்மேல் ஓடாமல் பார்ப்பது என் பொறுப்பாம்.

பூக்கொட்டி முடிகிற அந்தச் சித்திரையில் சூரியன் எங்கள் உச்சிக்கே வந்துவிடும். கிளிநொச்சிப் பக்கம் அது ஏப்ரல் 14ஐ ஒட்டி, வருஷப்பிறப்பு நாளில் அல்லது அதற்குப் பக்கத்தில். வவுனியாவில் ஓரிரு நாள் முந்தும். மத்தியானம் 12 மணி 9 நிமிடமளவில் நேரே நிற்கிற தடிக்கு நிழல் விழாது. முற்றத்தில் ஊன்ற ஒரு தடி வெட்டி வைத்திருக்கிறோம். மகளோ தன் நிழல் எங்கே ஓடி ஒளியப்போகிறது என்று இப்போதே தேடத் தொடங்கிவிட்டாள்.